போர்க்காலத்தில் மாமன்றம்: பெத்னல் கிரீன் தரும் பாடம்



போர் என்றதும் எல்லையும் படைகளும் தலைநகரத்து அமைச்சரவையும் நினைவுக்கு வருகின்றனவே தவிர, நிலைக்குழு கூடும் சிறிய அறையும், தீர்மானப் புத்தகமும், வார்டு உறுப்பினரின் வாசலில் காத்து நிற்கும் மக்களும் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. ஆயினும் வானத்திலிருந்து குண்டு விழத் தொடங்கிய காலம் முதல் போர்முனை நகரத்தின் தெருவுக்கே வந்துவிட்டது. குண்டு விழுந்த மறுநாள் காலையில் குடிநீர் தருவது, இடிபாட்டை அகற்றுவது, வீடிழந்தவர்க்கு இடம் காட்டுவது, இறந்தவர்களை அடையாளம் கண்டு அடக்கம் செய்வது ஆகிய வேலைகள் அனைத்தும் உள்ளாட்சியின் தலையில்தான் விழுகின்றன. அந்த வேலைகளைச் செய்யும் மன்றத்துக்கு அவற்றுக்குரிய அதிகாரமும் பணமும் தரப்பட்டனவா, அது வாய்திறந்து பேச விடப்பட்டதா என்னும் கேள்விக்கு இரண்டாம் உலகப் போரில் லண்டன் மாநகரின் ஒரு சிறு பகுதி தந்த விடையை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம். அந்தப் பகுதியின் பெயர் பெத்னல் கிரீன்.

அன்றைய லண்டனின் ஆட்சி இரண்டு அடுக்குகளாக அமைந்திருந்தது. மேலடுக்கில் 1889இல் தோன்றிய லண்டன் கவுண்டி மன்றம் பெரிய மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் தீயணைப்புப் படையையும் நடத்தியது. கீழடுக்கில், 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த 28 'பரோ' மன்றங்கள், அதாவது தனித்தனி மேயரும் கவுன்சிலர்களும் கொண்ட பகுதி மன்றங்கள், தெருக்களையும் துப்புரவையும் பொது நூலகங்களையும் கவனித்தன. பழைய வணிக நகரமான 'சிட்டி' இவற்றுக்குப் புறம்பாகத் தனியே நின்றது. கிழக்கு லண்டனில் தச்சரும் தையற்காரரும் தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்த பெத்னல் கிரீன், இரண்டு சதுர மைலுக்கும் குறைவான பரப்பில், 1931 கணக்கெடுப்பின்படி சுமார் 1,08,000 மக்களைக் கொண்டிருந்த ஏழைப் பரோ ஆகும்.

போரின் நிழல் படியத் தொடங்கியபோது, 1937இல் இயற்றப்பட்டு 1938 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைச் சட்டம், மக்களைக் காப்பதற்கான திட்டம் வகுக்கும் கடமையை உள்ளாட்சிகளின் மேல் சுமத்தியது. சென்னையிலும் அந்நாளில் 'ஏ.ஆர்.பி.' என்ற மூன்றெழுத்தாகப் பழகிப்போன அந்த ஏற்பாட்டின்கீழ், வார்டன்களைத் திரட்டுவதும் பதுங்குமிடங்களை அமைப்பதும் மீட்புக் குழுக்களை நிறுத்துவதும் பரோ மன்றங்களின் பொறுப்பாயின. பெரும்பாலான இடங்களில் மன்றத்தின் தலைமை அலுவலரான நகரச் செயலரே இந்தப் பணிகளுக்குக் கட்டுப்பாட்டாளர் ஆனார். முழு மன்றமும் அடிக்கடி கூட இயலாதென்பதால், சில உறுப்பினர்களை மட்டும் கொண்ட அவசரக் குழுக்கள் முடிவெடுத்தன. இவற்றுக்கெல்லாம் மேலே, அரசு நியமித்த மண்டல ஆணையர்கள் இருந்தனர். மக்கள் தேர்ந்தெடுக்காத அந்த ஆணையர்களின் அலுவலகம் ஒப்புதல் தந்தால்தான் பதுங்குமிடத்தில் ஒரு சுவரைக்கூட அரசுச் செலவில் எழுப்ப முடியும் என்னும் நிலை உருவாயிற்று.

இதனோடு மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. 1939இல் நிறைவேறிய ஒரு தற்காலிகச் சட்டம் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தது. உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ, மன்றமே மற்றொருவரைச் சேர்த்துக்கொள்ளும் நியமன முறை அந்த இடத்தை நிரப்பியது. இதனால் 1937 நவம்பரில் வாக்குப் பெற்ற பரோ உறுப்பினர்கள் 1945 நவம்பர் வரை எட்டு ஆண்டுகள் பதவியில் இருந்தனர். குண்டு மழைக்கு நடுவே வாக்குச்சாவடி அமைக்க இயலாது என்பது நேர்மையான காரணமே. ஆனாலும் வாக்காளருக்கு அஞ்ச வேண்டியிராத மன்றமும், மன்றத்துக்கு விடை சொல்ல வேண்டியிராத ஆணையரும் சேர்ந்து அமையும்போது, தவறு நேர்ந்தால் தட்டிக் கேட்க எஞ்சியிருப்பது திறந்த விவாதம் ஒன்றே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மையத்தின் கணிப்புகள் எப்போதும் சரியாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. போர் தொடங்கினால் சாவு மலைபோல் குவியும் என்று கணித்த அதிகாரிகள் சவப்பெட்டிகளுக்கும் புதைகுழிகளுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தனர். உயிர் பிழைத்து வீட்டை மட்டும் இழந்து நிற்கப்போகும் இலட்சக்கணக்கானோருக்குப் போதிய ஏற்பாடு செய்யவில்லை. பதுங்குமிட விஷயத்திலும் இதே குறை இருந்தது. முன்பு வங்காள மாகாண ஆளுநராக இருந்தவரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான சர் ஜான் ஆண்டர்சனின் பெயரால் வழங்கிய தகரக் கூண்டுகள் வீட்டுத் தோட்டத்தில் பாதி புதைத்து வைக்கப்பட வேண்டியவை; தோட்டமே இல்லாத கிழக்கு லண்டன் குடும்பத்துக்கு அவற்றால் என்ன பயன்? பின்னாளில் இந்தியாவில் குடியேறிய அறிவியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன், ஆழமான பதுங்குமிடங்கள் வேண்டுமென்று வாதாடினார். பின்ஸ்பரி பரோ மன்றம் கட்டடக் கலைஞர் லுபெட்கினின் டெக்டன் குழுவையும் பொறியாளர் ஓவ் அரூப்பையும் கொண்டு அத்தகைய பதுங்குமிடங்களுக்கு விரிவான திட்டமே தீட்டியது. அரசு அதனை ஏற்கவில்லை.

1940 செப்டம்பர் 7ஆம் நாள் மாலையில் பெருந்தாக்குதல் தொடங்கியது. அதன்பின் 57 இரவுகள் லண்டன்மீது தொடர்ந்து குண்டுகள் விழுந்தன. முதல் நாளிலேயே பெத்னல் கிரீன் பொது நூலகம் தாக்கப்பட்டது. கொலம்பியா மார்க்கெட் கட்டடத்தின் அடியில் மக்கள் நிறைந்திருந்த பதுங்குமிடத்தில், காற்றுப் போக்கி வழியாக ஒரு குண்டு உள்ளே விழுந்து பலரைக் கொன்றது. அண்டையிலிருந்த வெஸ்ட் ஹாம் பகுதியில், வீடிழந்தவர்கள் ஒரு பள்ளியில் தங்கவைக்கப்பட்டு, அவர்களை அழைத்துச் செல்லும் பேருந்துகள் வருமென்று இரண்டு நாள் காத்திருக்க, மூன்றாம் நாள் விடியுமுன் அந்தப் பள்ளியின் மேலேயே குண்டு விழுந்தது. வர வேண்டிய நேரத்தில் வராத பேருந்தும் போர்க்காலத்தில் உயிரைப் பறிக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

அடுத்த மே மாதத்துக்குள் லண்டன்வாசிகளில் ஆறு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு கட்டத்தில் வீடிழந்திருந்தனர். அவ்வாறு தெருவில் நின்ற ஒருவர் உணவுக்கு ஓர் அலுவலகம், தங்குமிடத்துக்கு வேறோர் அலுவலகம், இழந்த பங்கீட்டு அட்டைக்கு இன்னோர் அலுவலகம் என அலைய நேர்ந்தது. உதவி தரும் இடங்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்த மன்றங்கள் மக்களின் நம்பிக்கையைப் பெற்றன; துறைக்கொரு வாசலாக நின்றவை அதை இழந்தன. வசதி குறைந்த பரோக்களிலும் நல்ல ஆட்சி நடந்ததற்கும், பொறுப்பானவர்கள் கைகட்டி நின்ற இடங்களில் அரசே தலையிட நேர்ந்ததற்கும் லண்டன் சான்று தருகிறது. அந்நாளைய பரோ மன்றங்களில் இந்தியர் ஒருவரும் பணியாற்றினார். கோழிக்கோட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வி. கே. கிருஷ்ண மேனன் 1934 முதல் 1947 வரை செயின்ட் பாங்கிரஸ் பரோவின் கவுன்சிலராக இருந்து அதன் நூலகப் பணிகளை வளர்த்ததோடு, குண்டுவீச்சு நாட்களில் வார்டனாகவும் கடமை ஆற்றினார். தம் நாட்டுக்கு விடுதலை கேட்டுக்கொண்டே தாம் வாழ்ந்த நகரின் தெருவையும் காத்த அவருக்கு, 1955இல் அந்தப் பரோ தன் குடியுரிமை மரியாதையை அளித்தது.

நிலத்தடி ரயில் நிலையங்களைப் பதுங்குமிடமாக்கக் கூடாதென்பது அரசின் தொடக்கக் கொள்கையாக இருந்தது. ஆனால் மக்கள் பயணச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கி, மேலே வர மறுத்து அங்கேயே உறங்கினர். வேறு வழியின்றி அரசு இணங்கியது. பெத்னல் கிரீனில் ரயில் இன்னும் ஓடத் தொடங்காத, கட்டி முடிக்கப்படாத ஒரு நிலையம் இருந்தது. 1940 இலையுதிர் காலத்தில் அது பதுங்குமிடமாகத் திறக்கப்பட்டு, பரோ மன்றத்தின் நிர்வாகத்துக்கு வந்தது. அங்கே மன்றம் செய்து காட்டியது சிறந்த உள்ளாட்சிக்கு ஓர் இலக்கணம் எனலாம். மூன்றடுக்குப் படுக்கைகளில் சுமார் 5,000 பேர் உறங்க இடம் செய்யப்பட்டது. சிற்றுண்டிச்சாலையும் மருத்துவ அறையும் குழந்தைகள் காப்பகமும் நாடகமும் இசையும் நடக்கும் அரங்கமும் அமைந்தன. குண்டுவீச்சில் சிதைந்த நூலகத்துக்கு மாற்றாக, ரயில் ஓட வேண்டிய சுரங்கத்துக்குள் பலகைகளால் ஒரு சிறு அறை கட்டி, சுமார் 4,000 நூல்களோடு மன்றம் ஒரு நூலகத்தைத் திறந்தது. மேலே நகரம் எரிந்துகொண்டிருக்க, கீழே ஒரு சிறுமி புத்தகத்தைக் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொண்டு தன் படுக்கைக்குத் திரும்பினாள் என்றால், அதற்குக் காரணம் படைத்தளபதி எவரும் அல்லர். ஒரு பரோ மன்றமும் அதன் நூலகர்களும்தான்.

இத்தனை பேர் வாழ்ந்த அந்த நிலத்தடி ஊருக்கு வழி ஒன்றே இருந்தது. தெருவிலிருந்து 19 படிகள் கொண்ட, சுமார் பத்தடி அகலமுள்ள படிக்கட்டு ஒரு சிறு தளத்தில் முடிய, அங்கிருந்து திரும்பி மறுபடியும் படியிறங்க வேண்டும். நடுவில் கைப்பிடிக் கம்பி கிடையாது. இருட்டடிப்பு விதிகளால் மங்கலான ஒரே விளக்கு. தெருமட்டத்தில் மரப்பலகைத் தடுப்பு. பதுங்குமிடம் நிறைந்தபின் உள்ளே நுழைய முண்டியடிக்கும் கூட்டத்தின் நெருக்கத்தை அந்த மரத்தடுப்பு தாங்காது என்று கருதிய பரோ மன்றம், அதற்குப் பதிலாகச் செங்கல் சுவரும் உறுதியான வாயிலும் அமைக்க ஒப்புதல் கேட்டு, 1941 ஆகஸ்டில் மண்டல அலுவலகத்துக்கு எழுதியது. இருப்பதே போதும், இது வீண் செலவு என்பதே மேலிடத்தின் கருத்தாக இருந்தது. மன்றம் மறுபடியும் கேட்டும் பயனில்லை. ஒரு வாயிலைச் சீரமைக்கும் செலவு போர்ச் செலவின் கடலில் ஒரு துளி. ஆயினும் அந்தத் துளியைச் செலவிடும் உரிமை, படிக்கட்டை நாள்தோறும் பார்த்தவர்களின் கையில் இல்லை.

1943 மார்ச் 1ஆம் நாள் பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினைக் கடுமையாகத் தாக்கின. பதிலடி வருமென்று லண்டன் மக்கள் எதிர்பார்த்திருந்தனர். மார்ச் 3ஆம் நாள் இரவு 8.17க்கு அபாயச் சங்கு ஒலித்தது. அடுத்த பத்து நிமிடங்களில் சுமார் 1,500 பேர் ஒழுங்காகப் படியிறங்கினர். 8.27க்கு அருகிலிருந்த விக்டோரியா பூங்காவிலிருந்து, மக்கள் அதுவரை கேட்டிராத புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் பேரோசையோடு பாய்ந்தன. குண்டுதான் விழுகிறதென்று அஞ்சிய கூட்டம் முன்னோக்கி நெருக்க, படிக்கட்டின் அடிப்பகுதியில் ஒரு பெண் தடுக்கி விழுந்தார். அவர்மேல் அடுத்தவரும் அவர்மேல் மற்றவரும் விழ, சில நொடிகளில் ஏறத்தாழ 300 பேர் ஓர் அறையளவு இடத்தில் அடுக்கடுக்காகச் சிக்கிக்கொண்டனர். மேலே நின்றவர்களுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை; கீழே இருந்தவர்களால் அசையவும் முடியவில்லை. கடைசி மனிதரை வெளியே எடுக்க நள்ளிரவு நெருங்கியது. 173 பேர் இறந்தனர். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அந்தப் பகுதியில் பகைவரின் குண்டு ஒன்றுகூட விழவில்லை.

அதன்பின் நடந்தது ஆட்சிமுறை பயில்வோர் அனைவரும் ஊன்றிப் படிக்க வேண்டியது. சில நாட்களிலேயே நடுக் கைப்பிடிகள் பொருத்தப்பட்டன, படி விளிம்புகளுக்கு வெள்ளையடிக்கப்பட்டது, வாயில் சீரமைக்கப்பட்டது. பதினெட்டு மாதங்களாக முடியாதென்று சொல்லப்பட்ட காரியம் 173 உயிர்களுக்குப் பின் உடனே முடிந்தது. நீதிபதி லாரன்ஸ் டன் மூடிய அறையில் விசாரணை நடத்தி அறிக்கை தந்தார். ஆனால் பகைவருக்குச் செய்தி போய்விடும் என்ற காரணத்தால், உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் அதனை வெளியிட மறுத்தார். இம்முடிவை எடுத்தவர் முன்பு லண்டன் கவுண்டி மன்றத்தின் தலைவராக இருந்து உள்ளாட்சியின் பெருமையை வளர்த்தவரே என்பது வேதனைக்குரியது. மன்றம் எழுதிய கடிதங்களும் மேலிடம் மறுத்த செய்தியும் மறைக்கப்பட்டதால், மக்களின் சினம் முழுவதும் பரோ மன்றத்தின் மேல் திரும்பியது. உண்மை வெளிவராத இடத்தில் வதந்தி குடிபுகுந்தது: யூதர்கள் பீதியடைந்ததே காரணமென்று சிலரும், பாசிஸ்டுகளின் சதியென்று சிலரும் பேசினர். இரண்டும் பொய்யென்று டன் அறிக்கை தெளிவாகக் கூறியிருந்தும், அந்தத் தெளிவு பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது 1945 ஜனவரியில்தான்.

நடுநிலையோடு பார்த்தால் பரோ மன்றமும் முற்றிலும் குற்றமற்றதன்று. இழப்பீடு கேட்டு ஒரு விதவை தொடுத்த வழக்கில், நீதிமன்றம் மன்றத்தின் கவனக்குறைவை உறுதி செய்தது. சுவருக்கு அனுமதி மறுக்கப்பட்டாலும், படி விளிம்பில் வெள்ளையடிப்பதற்கும், நெருக்கடி வேளையில் படிக்கட்டில் ஆள் நிறுத்துவதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. ஆக, மேலிடம் பணத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பைக் கீழே தள்ளியது. கீழிடம் 'எழுதிவிட்டோம்' என்ற ஆறுதலோடு நின்றுவிட்டது. இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவில் மக்கள் இறந்தனர்.

போர்க்காலத்தில் அதிகாரம் மையத்தில் குவிவது எல்லா நிலையிலும் தவறென்று சொல்வதும் பொருந்தாது. பிரிட்டனில் 1,600க்கும் மேற்பட்ட தீயணைப்புப் படைகள் ஊருக்கொன்றாக இயங்கி, ஓர் ஊரின் நீர்க்குழாய் மற்றோர் ஊரின் இணைப்பில் பொருந்தாமல் கட்டடங்கள் எரிந்தபோது, 1941 ஆகஸ்டில் அவை அனைத்தையும் தேசியத் தீயணைப்புப் பணியாக ஒன்றிணைத்தது அறிவார்ந்த செயலே. அமைதி திரும்பியபின், 1948இல் அந்தப் பணி மறுபடியும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மையப்படுத்தலுக்கு உரிய அளவுகோல் இதுதான்: ஊர்தோறும் ஒரே தரம் வேண்டிய இடத்தில் மையம் ஆளலாம், இந்தப் படிக்கட்டு, இந்தத் தெரு, இந்த வாயில் என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில் உள்ளூர் மன்றம் ஆள வேண்டும், எடுத்த அதிகாரத்தை நெருக்கடி நீங்கியதும் திருப்பித் தர வேண்டும்.

அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டின் தலைநகரைப் பார்ப்பது இவ்வவையின் கடமையாகும். 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சியின் மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு, 1996இல்தான் மறுபடி தேர்தல் கண்டது. உலகப் போரின் காரணமாக லண்டன் பரோக்கள் எட்டு ஆண்டுகள் தேர்தலின்றி இருந்தன, போரே இல்லாத சென்னையோ ஏறத்தாழ 23 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி இருந்தது. மன்றத்தின் பதவிக்காலம் முடியுமுன்பே, கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள், தேர்தல் நடக்க வேண்டுமென்று கூறும் 74ஆம் அரசமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்த பிறகும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அந்த இடைவெளியில்தான் கொரோனா பெருந்தொற்று வந்தது. போருக்கு நிகரான அந்த நெருக்கடியில், தெருவை அடைப்பதா திறப்பதா, எந்தக் குடும்பத்துக்கு உணவு போய்ச் சேரவில்லை என்பன போன்ற கேள்விகளைக் கேட்பதற்கு ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாமல், தனி அலுவலரின்கீழ்ச் சென்னை இருந்தது. அலுவலர்களும் தூய்மைப் பணியாளர்களும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களிடம் கேள்வி கேட்கவும், அவர்களுக்காக மேலிடத்தில் வாதாடவும் மன்றம் இருக்கவில்லை.

எனவே இவ்வுரை முன்வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. ஒன்று: பேரிடர் காலத்தில் உயிர்காக்கும் சிறு பணிகளுக்கு, மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திராமல் செலவிடும் தனி நிதி ஒவ்வொரு உள்ளாட்சி மன்றத்துக்கும் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். இரண்டு: உள்ளாட்சி கேட்டதும் மேலிடம் மறுத்ததும், நெருக்கடியைக் காரணம் காட்டி மறைக்கப்படாமல், மன்றக் கூட்டத்தில் படிக்கப்பட்டுப் பதிவாக வேண்டும். மூன்று: தேர்தலைத் தள்ளிவைக்க நேர்ந்தாலும் அதற்கொரு முடிவு நாள் குறிக்கப்பட வேண்டும், அந்த நாள் வரும்வரை மன்றம் கலையாமல் கூட வேண்டும்.

அவையில் உள்ள பெருமக்கள் தத்தம் வார்டு உறுப்பினரிடம் அடுத்த மாதமே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்தத் தெருவில் எந்தப் படிக்கட்டுக்கு, எந்தக் கால்வாய் மூடிக்கு, எந்த மின்கம்பத்துக்கு மன்றம் அனுமதி கேட்டு எழுதியது, யார் மறுத்தார்கள் என்று. அந்த விடையை எழுத்தில் வாங்கிப் பாதுகாக்க வேண்டும். பெத்னல் கிரீன் மக்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு 173 பேர் இறந்த பிறகே கிடைத்தது. அந்த வாய்ப்பு இங்கு ஒவ்வொருவருக்கும் இன்றே இருக்கிறது. அதை வீணாக்காதிருப்பது குடிமக்களின் கடமை.